திருப்பாமல் விட்ட தட்டு

போன சனிக்கிழமை நான் உங்களிடம் சொன்னது பொய். காலை நடைக்கு வருகிற நீங்கள் மூன்று பேரும் என் வயதுக்காரர்கள். முழங்கால் வலியும் மறதியும் நமக்குப் பொது. ஆகவே அது உங்களுக்கு மறந்தே போயிருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

நடந்ததை ஒருமுறை ஞாபகப்படுத்துகிறேன். மரைன் டிரைவில் நடந்து முடித்துவிட்டு, காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒழுங்கையில் அந்தச் சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். கடைக்காரர் டுபாயில் ஹோட்டல் குசினியில் பதினெட்டு வருடம் வேலை செய்தவர். அங்கே கூட வேலை செய்த பிலிப்பீன்ஸ் பெண்ணைக் கட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து, அவளுடைய ஊர்க் காலைச் சாப்பாட்டையே விற்கிறார். வெள்ளைப்பூட்டுச் சோறு, பொரித்த முட்டை, கருவாடு. இடியப்பத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது என்று சொல்லி, நம்மோடு நடக்கிற டீச்சர்தான் நம்மை முதலில் அங்கே இழுத்துக்கொண்டு போனாள். முதல் நாள் அந்த வெள்ளைப்பூடு எண்ணெயில் சிவக்கிற வாசனை வந்ததும் எனக்குக் கண் கலங்கியது. மிளகாய் என்று சமாளித்தேன். அந்தச் சாப்பாட்டில் மிளகாயே கிடையாது என்பதை நல்லவேளை ஒருவரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை டீச்சருக்குக் கடைசி நாள். மகனோடு இருக்கக் கனடாவுக்குப் போகிறாள், இனித் திரும்பமாட்டாள். ஏர்போர்ட் வான் பத்து மணிக்கு என்றார்கள். எட்டரைக்கே பெட்டிகளோடு வந்து வாசலில் ஹோர்ன் அடித்தது. டீச்சர் பாதிச் சோற்றில் எழும்பினாள். நீங்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது நான் என் தட்டைத் திருப்பினேன். பிறகு எட்டி உங்கள் தட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.

"என்னப்பா செய்யிறீர்?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். "வாய்க்குள்ள வேற என்னவோ முணுமுணுக்கிறீர்?" என்றாள் இன்னொருத்தி.

"எறும்பு ஏறுது" என்றேன்.

கடைக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. "என்ட கடையில எறும்போ அன்ரி?" என்று துணி கொண்டுவந்து மேசையை இரண்டு தரம் துடைத்தார். பாவம் மனிதர். உண்மையை வாயால் சொல்ல வெளிக்கிட்டால் நடுவில் அழுவேன், நீங்கள் என் பிரஷர் குளிசையைத் தேடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. கொட்டாஞ்சேனையில், துறைமுகப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. அம்மா என்னைப் பெற்ற கையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டை நடத்தியது மாமி, அப்பாவின் அக்கா. மாமி கல்யாணம் கட்டவில்லை. தாயை இழந்த தம்பிகள் இரண்டு பேரையும், அதாவது அப்பாவையும் சித்தப்பாவையும், தூக்கி வளர்த்தவள். அந்தச் சூட்டோடு என்னையும் வளர்த்தாள். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவாள். வெள்ளிக்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் ஜிந்துப்பிட்டிக்குப் போய் ஒருவரிடம் தேசிக்காய் வெட்டிக்கொண்டு வருவாள். யாரோ எங்கள் குடும்பத்துக்குச் செய்வினை செய்கிறார்கள் என்பது அவளுடைய நிரந்தரமான நம்பிக்கை. அந்த யாரோ மட்டும் மாதத்துக்கு மாதம் மாறுவார்.

அப்பா துறைமுகத்தில் கிளார்க். சித்தப்பாவுக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. போனால் ஒன்பது மாதம், ஒரு வருடம். ஒருமுறை திரும்பி வந்தபோது கூடவே ஒரு பெண் வந்தாள். மணிலாவில் கோவிலில் வைத்துக் கட்டிக்கொண்ட பெண்சாதி. குள்ளமாக, வட்ட முகமாக, வாசலில் நின்று எங்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். "சின்னம்மா எண்டு கூப்பிடு" என்றார் சித்தப்பா. கூப்பிட்டேன். அவளுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. யாராவது பெயர் கேட்டாலும் "சின்னம்மா" என்றே சொல்வாள். அதனால் ஒழுங்கையில் பல்லுப்போன கிழவர்கள்கூட அவளைச் சின்னம்மா என்று கூப்பிட்டார்கள்.

இரண்டு சூட்கேஸும், ஒரு கனத்த இரும்புச் சட்டியும், தாய் வீட்டு எனாமல் தட்டு ஆறும் கொண்டுவந்தாள். வெள்ளைத் தட்டு, நீல விளிம்பு, நடுவில் தேய்ந்துபோன ஒரு பூ. ஒவ்வொன்றிலும் எங்காவது எனாமல் பெயர்ந்து கறுப்பு இரும்பு தெரியும். எனக்கென்று ஒதுக்கிய தட்டில் அந்தப் பெயர்வு விளிம்பில் இருந்தது. சரியாகக் கட்டைவிரல் வைக்கிற இடத்தில் வரும்படி அதை வைத்துக்கொள்வேன். சாப்பிடும்போது அந்தச் சொரசொரப்பைத் தடவிக்கொண்டே இருப்பேன்.

அதுவரைக்கும் எங்கள் வீட்டுக் காலைச் சாப்பாடு பாணும் சம்பலும். முதல்நாள் மிஞ்சிய சோற்றில் மாமி தண்ணீர் ஊற்றி வைப்பாள். சின்னம்மா வந்த இரண்டாம் நாளே அந்தச் சோற்றைத் தண்ணீர் படாமல் எடுத்து ஒளித்துவிட்டாள். விடியற்காலையில் ஒரு கைப்பிடி வெள்ளைப்பூட்டைத் தட்டி, இரும்புச் சட்டியில் பொன்னிறமாக வரும்வரை வதக்கி, சோற்றைக் கையால் உதிர்த்துப் போட்டுக் கிளறினாள். நான் படுக்கையில் இருந்தபடியே எழுந்து உட்கார்ந்தேன். யாரும் எழுப்பாமல் நான் எழும்பிய முதல் நாள் அது.

"விடியக் காலமே வெள்ளைப்பூடு! வாய் நாறிக்கொண்டு இந்தப் பிள்ளை எப்பிடிப் பள்ளிக்கூடம் போறது?" என்று மாமி கத்தினாள். போனேன். வாங்கில் பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்தாள். எனக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

பன்றி இறைச்சியைக் கொத்தி, சீனியும் மிளகும் வெள்ளைப்பூடும் சேர்த்துக் கையாலேயே சொசேஜ் செய்வாள். ஓரம் கருகி, சீனி இளகி, விரலில் ஒட்டும். அதற்குத் தொட்டுக்கொள்ள வினாகிரி. நம்மூர்த் தென்னை வினாகிரியை முதன்முதலாக நாக்கில் வைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இது எங்கட வீட்டு வினாகிரி" என்று சித்தப்பாவிடம் படித்திருந்த தமிழில் சொல்லி, போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். கருவாடும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அரிசியைக் கொக்கோவும் சீனியும் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, பக்கத்தில் பொரித்த கருவாடு வைப்பாள். முகத்தைச் சுளிக்காதீர்கள். நானும் சுளித்தேன். ஒரு கரண்டி இனிப்புக் கஞ்சி, ஒரு கடி கருவாடு என்று தின்று பார்த்த பிறகு இன்னும் கேட்டேன்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் யார் தலை தெரிந்தாலும் "வா, சாப்பிடு" என்பாள். தபால்காரன், பழைய பேப்பர்காரன், மீட்டர் பார்க்க வந்தவன், எல்லாருக்கும் அதுதான். மாமிக்கு அது பொறுக்காது. "போறவன் வாறவன் எல்லாம் இவளுக்குச் சொந்தமோ?" என்பாள். சித்தப்பா சிரித்துவிட்டு, கூப்பிடுவதுதான் கூப்பிடுகிறாள், ஒரு கடையாகவே போட்டால் என்ன என்றார். முன் அறையில் நான்கு மேசை போட்டார்கள். காலை ஆறு முதல் பத்து வரை. பெயர்ப்பலகை கிடையாது. ஊர் அதை மணிலாக் கடை என்றது.

முதலில் எதிர்வீட்டு கிரேன் ஓட்டுநர் வந்தார். பிறகு அவருடைய ஆட்கள், ஹார்ட்வெயார் கடை முதலாளி, சந்தைக்குப் போகிறவர்கள். துறைமுகத்துக்கு பிலிப்பீன்ஸ் மாலுமிகள் உள்ள கப்பல் வந்தால் அவர்கள் மேட்டில் கூட்டமாக ஏறி வருவார்கள். வீட்டுச் சோறு கண்ட பிள்ளைகள் போலத் தின்பார்கள், சத்தம் போடுவார்கள், சின்னம்மாவைத் தங்கள் பாஷையில் அக்கா என்பார்கள். ஜன்னலோரத்து மூலைக் கதிரை எனக்கு. அங்கிருந்து பார்த்தால் குசினியில் சின்னம்மாவின் முதுகு தெரியும். பள்ளிக்கூட மணி அடிக்கிறவரை நான் அசையமாட்டேன். இன்றைக்கும் எனக்குச் சொர்க்கம் என்றால் அந்தக் கதிரைதான்.

அங்கேதான் தட்டு திருப்புவதை முதலில் கண்டேன். ஒரு மாலுமியை யாரோ வந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழும்பியதும், மேசையில் இருந்த மற்றவர்கள் பேச்சை நிறுத்தாமலே ஆளுக்காள் தங்கள் தட்டை ஒரு சுற்றுத் திருப்பினார்கள். ஏன் என்று சின்னம்மாவைக் கேட்டேன்.

"சாப்பிடேக்க ஒராள் எழும்பிப் போனா, இருக்கிற ஆக்கள் பிளேட்டைத் திருப்ப வேணும்" என்றாள். "அப்பத்தான் போறவர் பாதையில ஒண்டும் ஆகாம போய்ச் சேருவார்."

சித்தப்பாவின் லீவு முடிந்த காலையும் அப்படித்தான் நடந்தது. கப்பல் ஏஜென்டின் ஜீப் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. மாமி குசினியில் அவருக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா எழும்பினார். சின்னம்மா தன் தட்டைத் திருப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் திருப்பினேன். விரலடியில் இருந்த கறுப்புப் பெயர்வு அந்தப் பக்கம் போனது. ஒரு பெரிய வேலையை முடித்த பெருமை எனக்கு. சோற்றுப் பொட்டலத்தோடு வெளியே வந்த மாமி கடைசித் தட்டு சுற்றி நிற்பதை மட்டும் கண்டாள்.

பிறகு இரண்டு மாதம் கடிதம் வரவில்லை. சின்னம்மாவுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. கப்பல்காரன் வீட்டில் அது புதிதல்ல. ஆனால் மாமிக்கு இரவில் நித்திரை போய்விட்டது. தன் கையால் சோறூட்டி வளர்த்த தம்பி. அவள் காரணம் தேடத் தொடங்கினாள்.

அந்த நாட்களில் ஒரு காலை நான் போனபோது என் மூலைக் கதிரையில் ஒரு இளம் மாலுமி இருந்தான். முதல் பயணமாம், வீட்டு ஞாபகத்தில் அழுதுகொண்டிருந்தான். சின்னம்மா பக்கத்தில் இருந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். என் தட்டில், என் சொசேஜைத் தின்றுகொண்டிருந்தான். எனக்குப் பாணும் வாழைப்பழமும் கையில் கிடைத்தது. "இண்டைக்கு மட்டும், செல்லம்" என்றாள் அவள். நான் பள்ளிக்கூடம் போனேன். அன்று முழுக்க நெஞ்சு எரிந்தது.

பின்னேரம் வந்தபோது மாமி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்காத மாதிரிக் கேட்டாள்.

"தட்டை என்ன திருப்பித் திருப்பி வைக்கிறாள் அவள்? கண்டனியா?"

"ஓம் மாமி."

"தம்பி போன அண்டைக்கும் திருப்பினவளோ?"

"ஓம். திருப்பேக்க ஒரு பேர் சொல்லுவா."

சுளகு நின்றுவிட்டது. "யாற்ற பேர்?"

என் வாயிலிருந்து வரப்போகிற சொல்லுக்காக ஒரு பெரிய மனிசி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது அதுவே முதல் தரம். "உங்கட பேர்" என்றேன்.

தட்டு திருப்பியது உண்மை. பேர் சொன்னது நான் கட்டிய பொய். திருப்பும்போது சின்னம்மா வாயைத் திறந்ததே இல்லை.

மாமி கத்தவில்லை, அதுதான் ஆச்சரியம். வெள்ளிக்கிழமை ஜிந்துப்பிட்டிக்குப் போய் வந்தாள். சின்னம்மா தட்டைத் திருப்பிச் செய்வினை செய்கிறாள் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. கிரேன் ஓட்டுநர் காலையில் மற்றப் பக்கத்தால் நடக்கத் தொடங்கினார். ஹார்ட்வெயார் முதலாளி "ஹூனியம்" என்று அதையே சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தன் ஆட்களையும் மறித்தார். பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து வீட்டுக்குத் தீர்த்தம் தெளிக்க வைத்தாள் மாமி. அவர் தெளித்துவிட்டு, சின்னம்மா கூப்பிட்டதும் உட்கார்ந்து வெள்ளைப்பூட்டுச் சோறு இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். சாமியாரையே வசியம் பண்ணிவிட்டாள் என்று மாமி இன்னும் பயந்துபோனாள்.

நான்கு மேசையும் வெறுமையாகக் கிடந்தன. சின்னம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலையில் வாசலில் நின்று தெருவைப் பார்த்து "வா, சாப்பிடு" என்பாள். தலைகள் குனிந்துகொண்டு போகும்.

"ஏன் ஒருத்தரும் வாறேல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

சோற்றில்தான் ஏதோ பிழை என்று நினைத்துவிட்டாள். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் வெள்ளைப்பூடு கூட்டிப் போட்டாள். அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். வயது போய்விட்டது, எத்தனையோ சாவீட்டுக்குப் போய்விட்டேன். ஆனால் அந்தக் கூட்டிப் போட்ட வெள்ளைப்பூட்டை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.

"தம்பி வாற வரைக்கும் தாய் வீட்டில இருக்கட்டும். அவவுக்கும் நல்லது" என்றார் அப்பா. அப்பா நல்லவர். வீட்டில் சத்தம் வந்தால் தாங்கமாட்டார். சத்தம் வராமல் இருப்பதற்காக அவர் எதையும் செய்வார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. டிக்கெட் போட்டுவிட்டார்.

போகிற அன்று காலையில் சின்னம்மா எல்லாருக்கும் சமைத்தாள். அப்பா, நான், வழியனுப்புகிற மரியாதைக்காக மாமியும், முதன்முறையாக ஒரே மேசையில் இருந்தோம். நீல விளிம்புத் தட்டுகள். என் சொசேஜ் இரண்டு. அவள் முட்டையில் பாதிகூடச் சாப்பிடவில்லை, கார் வந்துவிட்டது. எழும்பினாள்.

எழும்பி, போகாமல் நின்றாள். எங்கள் தட்டுகளைப் பார்த்தாள். அப்பா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை எதற்காகத் திருப்புவது என்று அவருக்குத் தெரியாது. மாமி கண்ணெடுக்காமல் என்னையே பார்த்தாள். அந்த மேசையில் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். கட்டைவிரலடியில் அந்தக் கறுப்புப் பெயர்வு. ஒரு சுற்று, அவ்வளவுதான். நான் விரலை அதன்மேல் அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தேன்.

சின்னம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து என் தலையில் முத்தமிட்டாள். கை வெள்ளைப்பூடு மணத்தது.

"சாப்பிடு. ஆறிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சித்தப்பாவுக்குக் கப்பலில் ஒன்றும் ஆகவில்லை. கடிதங்கள் ஏதோ துறைமுகத்தில் தேங்கிக் கிடந்து மூன்றாக ஒரே நாளில் வந்தன. பிறகு அவரே மணிலாவில் இறங்கி, அவளோடேயே இருந்துவிட்டார். செய்வினைக் கதையை அப்பா அவருக்கு எழுதியிருக்கவேண்டும். அங்கிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்பா அதை மாமிக்குச் சத்தமாக வாசித்தார். "அக்காவிடம் சொல்லுங்கள், போகிறவர் பத்திரமாய்ப் போய்ச்சேரத்தான் அங்கே தட்டைத் திருப்புவார்கள். எனக்காக அவள் திருப்பினாள். அவளுக்காக உங்கள் மேசையில் ஒருவரும் திருப்பவில்லை."

மாமி கேட்டுவிட்டு எழும்பிப் போய் அரிசி கழுவினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பேர் விஷயத்தை அவள் என்னிடம் சாகும்வரை கேட்கவில்லை. கேட்டு ஒரு அறை விட்டிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். அப்போது நான் அவளை வெறுத்தேன், என் பொய்யையும் சேர்த்து அவள் தலையிலேயே போட்டேன். தம்பியைப் பறிகொடுக்கப் பயந்து பயந்தே அவனைப் பறிகொடுத்தவள் என்று இரங்க எனக்கு இத்தனை வயது தேவைப்பட்டது.

சித்தப்பா திரும்ப வரவில்லை. பல வருடம் நத்தார்ப் பண்டிகைக்குக் கார்ட் வந்தது. வெகுகாலம் கழித்து அப்பா கண்ணை மூடிய பிறகு அதுவும் நின்றது. வீடு மாறியதில் விலாசம் தொலைந்தது. ஆறு தட்டுகளில் ஒன்று கோழிக்குத் தீன் வைக்கப் போனது, மற்றவை எப்படிப் போயின என்று தெரியவில்லை. என் தட்டை எத்தனையோ பழஞ்சாமான் கடைகளில் தேடியிருக்கிறேன். நீல விளிம்பைக் கண்டால் இப்போதும் கை தானாக ஓரத்தைத் தடவிப் பார்க்கும்.

அதற்கெல்லாம் முன்பு, இருபத்திரண்டு வயதில் எனக்கு பஹ்ரேனில் வேலை கிடைத்தது. புறப்படுகிற காலை மாமி அப்பம் சுட்டாள். வான் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது, என் வாழ்க்கையில் வாகனங்கள் அப்படித்தான். பாதி அப்பத்தில் எழும்பி வெளியே போனேன். குடையை மறந்துவிட்டேன் என்று வாசலில் திரும்பினேன். அப்பா பெட்டியோடு வெளியே நின்றார். மேசையில் மாமி தனியாக இருந்தாள். தன் தட்டைத் திருப்பினாள். அப்பாவின் தட்டைத் திருப்பினாள். பிறகு எட்டி, நான் விட்டுவிட்டு வந்த தட்டையும் திருப்பினாள். நிமிர்ந்தபோது என்னைக் கண்டுவிட்டாள்.

"என்னடி பாக்கிறாய்? எறும்பு ஏறுது, தள்ளி வைக்கிறன். போ, வான் நிக்குது" என்றாள்.

மேசையில் ஒரு எறும்பும் இருக்கவில்லை.

நான் எட்டு வருடம் அங்கே இருந்து பத்திரமாகத் திரும்பி வந்தேன். டீச்சரும் நேற்று டொரொண்டோவில் இருந்து கதைத்தாள், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாளாம். நாளைக்குக் கடைக்குப் போனதும் முதலில் அந்தக் கடைக்காரரிடம் எறும்புக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். அவர் மனைவிக்கு விளக்கம் தேவைப்படாது. அன்று நான் தட்டுகளைத் திருப்பியதை அவள் கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

உங்களுக்கு இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. நான் வாய்க்குள் முணுமுணுத்தேன் என்றீர்கள் அல்லவா, அது உங்கள் காதின் பிழை அல்ல. தட்டைத் திருப்பும்போது சின்னம்மா ஒரு பேர் சொல்வாள் என்று பத்து வயதில் ஒரு பொய் சொன்னேன். சனிக்கிழமை டீச்சருக்காகத்தான் திருப்பினேன். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பேர் சொன்னேன். சின்னம்மாவின் பேர்.